பழைய ஃபிளாப்பியை ஒரே படமாகப் பாருங்கள்

1.44 எம்பி ஃபிளாப்பியின் இமேஜ் கோப்பை (வட்டின் உள்ளடக்கத்தை பைட் பைட்டாக அப்படியே நகலெடுத்த கோப்பு) 512 பிக்சல் அகலம், 2880 பிக்சல் உயரம் கொண்ட சாம்பல்நிறப் படமாக மாற்றிப் பாருங்கள். பைத்தான் நிரல்மொழியும் படங்களைக் கையாளும் அதன் பில்லோ நூலகமும் இருந்தால் நாலைந்து வரிகள் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதே ஸ்கிரிப்ட் ஓடும்.

அந்த வட்டில் 512 பைட் செக்டார்கள் (தரவைச் சேமிக்கும் சிறு பகுதிகள்) சரியாக 2880 இருக்கின்றன. ஒரு பைட் ஒரு புள்ளி, ஒரு செக்டார் ஒரு வரி என்று அமைவதால் வட்டின் நிலை ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. டாஸ் ஃபார்மட் செய்தபின் எதுவும் எழுதப்படாத இடம் பெரும்பாலும் 246 என்ற மதிப்பில் (0 கருப்பு, 255 வெள்ளை) வெளிர் சாம்பலாகப் படிந்திருக்கும். ஜிப் கோப்பு மணல் தூவியதுபோல் தெரியும். படிக்க முடியாத செக்டார்களைப் பூஜ்யத்தால் நிரப்பும் மென்பொருளில் நகலெடுத்திருந்தால் அவை கரிய கோடுகளாக நிற்கும். அழித்த கோப்பின் உள்ளடக்கம்கூட, மேலெழுதப்படாதவரை அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

படத்தைப் பிஎன்ஜியாகவே சேமியுங்கள், ஜேபெக் பைட்டுகளைக் குழப்பிவிடும். 720 கேபி வட்டுக்கு உயரம் 1440. காந்தத் துடிப்புகளையே பதிவுசெய்யும் ஃப்ளக்ஸ் கோப்புகளுக்கு இந்த வழி பொருந்தாது. முதலில் அவற்றைச் செக்டார் இமேஜாக மாற்ற வேண்டும்.