அறிவியல் கண்காட்சி நடத்தப் போகிறீர்களா? ஆசிரியர் பயிலரங்கை மூன்று வாரம் முன்னால் வையுங்கள்

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளைச் சேர்த்து இரண்டு முறை அறிவியல் கண்காட்சி நடத்தியிருக்கிறோம். முதல் முறை கண்காட்சியையும் ஆசிரியர் பயிலரங்கையும் ஒரே நாளில் வைத்துவிட்டோம். மாடியில் ஆசிரியர்கள் உரை கேட்டுக்கொண்டிருக்க, கீழே பிள்ளைகள் தனியாக நின்றார்கள். எரிமலை மாதிரிக்குப் பக்கத்தில் நின்ற ஆறாம் வகுப்புச் சிறுமியிடம் "இது ஏன் பொங்குகிறது?" என்று கேட்டேன். "சார் செய்து கொடுத்தார்" என்றாள். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. வரிசையை நாங்கள்தான் மாற்றிப் போட்டிருந்தோம்.

படி 1: தேதி

ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்ட நாள் என்பதால் பிப்ரவரி 28தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருக்கும். ஆய்வகமும் கிடைக்காது, ஆய்வக ஆசிரியரும் கிடைக்கமாட்டார். ஜனவரி கடைசி வாரத்தில் கண்காட்சி, பொங்கலுக்கு முன்பே பயிலரங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் மூன்று வாரத்தில்தான் பிள்ளைகள் உண்மையில் வேலை செய்வார்கள்.

படி 2: பயிலரங்கு

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரொஜெக்டர் வேண்டாம். முப்பது ஆசிரியர்கள் என்றால் பதினைந்து மேசை போடுங்கள். மேசைக்கு இருவர் போதும். நால்வர் உட்கார்ந்தால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். முதல் சோதனையாக ஊசல் கொடுங்கள். நூல், ஒரு கல், அளவுநாடா, கைப்பேசியில் உள்ள நிறுத்துக்கடிகாரம், இவ்வளவுதான் செலவு. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடி எடுக்கும். பத்து அலைவுக்கு நேரம் பார்த்து, பத்தால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். 9.8க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

எங்கள் பயிலரங்கில் ஒரு மேசையில் 9.5 வந்தது. அங்கிருந்த ஆசிரியை விடையை அழித்துவிட்டு 9.8 என்று எழுதப் போனார். "அழிக்காதீர்கள் டீச்சர், ஏன் வந்தது என்று பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நூலை முடிச்சு வரை மட்டும் அளந்திருந்தார். கல்லின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். அந்த மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. தவறான விடையை அழிக்காமல் அதன் காரணத்தைத் தேடும் அனுபவம் ஆசிரியருக்கு ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். அதன்பிறகு அவர் பிள்ளைகளுக்கு மாதிரி செய்து கொடுக்கமாட்டார்.

பிற்பகலில் மின்சுற்று. நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் வோல்ட், ஆம்பியர் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள்; பள்ளிக்குத் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் பயன்படும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிகளுக்கு 2022இல் தமிழக அரசு தொடங்கிய, அறிவியலையும் கணிதத்தையும் செய்து காட்டிக் கற்பிக்கும் வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் உங்கள் பகுதிக்கு வருகிறார்கள் என்றால் அவர்களையும் அழையுங்கள்.

படி 3: தலைப்பு

எரிமலை, சூரியக் குடும்பம் இரண்டையும் நாங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். "உங்கள் ஊரில் நீங்கள் விடை தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வி" என்று மட்டும் கேட்டோம். தக்காளி எந்த மூடையில் முதலில் அழுகுகிறது, கேழ்வரகு ஊறினால் எவ்வளவு எடை கூடுகிறது என்றெல்லாம் வந்தன.

பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி ஐந்து ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகம் என்பது எல்லோரும் அறிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வந்தாலும் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சோதனைக் கரைசலை அவள் சொட்டுச் சொட்டாக விட்டாள். இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் புளோரைடு குறைவு, மஞ்சளுக்கு மாறினால் அதிகம். நான்காவது கிணற்றின் சோதனைக் குழாய் மஞ்சளானது. பார்க்க வந்த ஓர் அம்மா, "கொதிக்க வைத்தால் போய்விடுமா கண்ணு?" என்று கேட்டார். "போகாது அம்மா. தண்ணீர் ஆவியாகும், புளோரைடு தங்கிவிடும். இன்னும் கொஞ்சம் செறிவு கூடத்தான் செய்யும்" என்றாள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது என்பதையும் அவளே சொன்னாள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

படி 4: மின்சாரம்

வகுப்பறை பிளக் பாயின்ட் பெரும்பாலும் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். ஒரு மின் அடுப்பும் ஒரு கெட்டிலும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போனால் தாண்டிவிடும். ஒவ்வொரு குழுவிடமும் எத்தனை வாட் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

படி 5: அந்த நாள்

பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். சார்ட்டில் மூன்றே வரி: என்ன கேட்டோம், என்ன செய்தோம், என்ன கண்டோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். நடுவர் ஒவ்வொரு குழுவுக்கும் அடுத்து தேட வேண்டிய கேள்வி ஒன்றைத் தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஓசூரில் பயிலரங்கு நடத்திய ஓர் ஆசிரியர், ஊசல் சோதனையில் பாதி மேசைகளில் 9.8க்குப் பதில் 12க்கு மேல் விடை வந்ததாக எழுதியிருந்தார். நூலின் நீளம் சரியாகத்தான் இருந்தது. கல்லை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி எண்ணினால் பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். 20 விநாடிக்குப் பதில் 18தான் வரும்; அதைப் பத்தால் வகுத்தால் அலைவு நேரம் குறைந்து, முடுக்கம் கூடிவிடும். கல்லை விடும்போது "சுழியம்" என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள்.