மாமரம் திடீரெனப் பட்டுப்போனால்: வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

போன வாரம் பச்சையாக நின்ற மரம் இன்று கருகி நிற்கிறதா? உடனே ஆள் வைத்துத் தூரோடு பிடுங்கிவிடாதீர்கள், தடயமும் போய்விடும். இலை காட்டுவது விளைவை மட்டும்; காரணம் பெரும்பாலும் அடிமரத்திலோ மண்ணுக்குள்ளோ இருக்கும்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நுனிக்கிளையின் பட்டையைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால், பச்சை தெரியும் இடம் வரை கீழே இறங்கிச் சுரண்டுங்கள். (வேம்பில் மழைக்காலத்தில் நுனிகள் கருகி மரமே பட்டுப்போனது போலத் தெரியும். பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். அவசரப்பட்டு வெட்ட வேண்டாம்.)

அடுத்து அடிமரம். துளையும் அதன் வாயில் மரத்தூளும் இருந்தால் அது தண்டுத்துளைப்பான் வண்டின் வேலை. இதன் புழு மாதக்கணக்கில் உள்ளேயே குடைவதால்தான் சாவு திடீரென வந்ததுபோல் தெரிகிறது. பக்கத்து மாமரங்களிலும் துளை தேடுங்கள். கொக்கியாக வளைத்த கம்பியால் புழுவை இழுத்தெடுத்து, துளையைக் களிமண்ணால் அடையுங்கள். பட்டையில் பிசின் வடிந்து, உளியால் செதுக்கினால் கட்டையில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடினால் பூஞ்சைநோய் என்று சந்தேகிக்கலாம். கறையான் மண்ணைக் கண்டதும் அதன்மேல் பழி போடுவது வழக்கம். வளர்ந்த மரத்தில் அது பெரும்பாலும் செத்த பட்டையைத் தின்னத்தான் வருகிறது. மண்பூச்சைத் தட்டிவிட்டுச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை இருந்தால் காரணம் வேறு.

இனி, பலரும் தவறவிடும் இடம். அடிமரத்தைச் சுற்றிக் களைக்கொத்தால் ஓரடி ஆழம் மெல்லத் தோண்டுங்கள். அடிமரம் வேர்ப்பக்கம் விரிய வேண்டும். நட்ட கம்பம்போல் நேராக மண்ணுக்குள் போனால், வீடு கட்டும்போது கொட்டிய மண் அதை மூச்சுமுட்ட வைத்திருக்கிறது. வேர் கறுத்து, நாறி, தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் நீர் தேங்கி அழுகியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஓரடிக் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் வடிகால் சரியில்லை. சுற்றுச்சுவருக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் பள்ளம் எடுத்தபோது வேர் வெட்டுப்பட்டதா என்றும் யோசியுங்கள். ஈராண்டுக்கு முந்தைய வெட்டுக்கூட ஒரு கடும் கோடையில் மரத்தைச் சாய்த்துவிடும்.

இன்னும் புலப்படவில்லையென்றால், உயிருள்ள பச்சையும் செத்த பழுப்பும் சேருமிடத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். முழுக்கக் காய்ந்த கட்டை பயன்படாது. காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் புழுங்க விடாமல், அன்றே வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். காரணம் தெரியும்வரை அதே குழியில் அடுத்த மாங்கன்றை வைக்காதீர்கள்.