உங்களைவிட 200 புள்ளி உயர்ந்த ஆட்டக்காரரை எதிர்கொள்வது எப்படி?

சதுரங்கப் போட்டியின் ஜோடிப் பட்டியலில் எதிராளியின் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் தரப்புள்ளி) உங்களுடையதைவிட 200 புள்ளிகள் கூடுதலாக இருந்தால், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறைப்படி, அந்த இடைவெளியில் வலிமையானவர் நூறு ஆட்டங்களில் 76 ஆட்டப் புள்ளிகள் (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. மீதி 24 உங்களுக்குரியவை. ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்பதைத் தீர்மானிக்கும் உங்கள் கே மதிப்பு 20 என்றால், தோற்றால் உங்கள் ரேட்டிங்கில் 4.8 புள்ளிகள் குறையும், டிரா செய்தால் 5.2 கூடும், வென்றாலோ 15.2 கூடும். இழப்பதற்கு அதிகம் வைத்திருப்பவர் எதிரே அமர்ந்திருப்பவர்தான்.

தொடக்கத்தில் வழக்கமாக ஆடுவதையே ஆடுங்கள். முந்தைய இரவு அரைகுறையாகப் படித்த பொறியை வைத்து அவரைத் திகைக்க வைக்க முயன்றால், பெரும்பாலும் திகைப்பது நாமாகத்தான் இருக்கும்.

பலரும் தடுமாறுவது காய்களை வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான். பலகை காலியானால் டிரா எளிது என்று எண்ணி, ராணியைக் கொடுத்து ராணியை எடுப்பதற்காகவே தம் சிப்பாய் அமைப்பைக் குலைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அனுபவசாலியின் கை ஓங்குவது பெரும்பாலும் இறுதியாட்டத்தில், அதாவது சில காய்களே எஞ்சியிருக்கும் கடைசிக் கட்டத்தில்தான். வெட்டிய பிறகு யாருடைய காய்கள் நல்ல கட்டங்களில் நிற்கும் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். அப்படியும் இருவரிடமும் ராஜாவோடு ஒரு யானை மட்டுமே உள்ள இறுதியாட்டம் வந்து, எதிராளியிடம் மட்டும் ஒரு சிப்பாய் கூடுதலாக எஞ்சினால், உங்கள் ராஜாவை அந்தச் சிப்பாயின் பாதையில் நிறுத்துங்கள். எதிராளியின் ராஜா முன்னேறிவிடாதபடி, உங்கள் யானையை உங்கள் பக்கமிருந்து மூன்றாம் வரிசையில் வையுங்கள். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையைப் பலகையின் மறுமுனைக்குக் கொண்டுபோய், பின்னாலிருந்து தொடர்ந்து செக் கொடுத்தால் ஆட்டம் டிராவாகும். இதை ஒரு மாலையில் கற்றுவிடலாம்.

அவர் வேகமாக ஆடுகிறார் என்பதற்காக நீங்களும் வேகமாக ஆடாதீர்கள்.

டிரா கேட்பதாக இருந்தால், காயை நகர்த்திய பிறகு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். மீண்டும் மீண்டும் கேட்டு எதிராளியைத் தொந்தரவு செய்ய விதி இடம் தராது. வலிமையானவர் தாமே கேட்டால், உடனே கை நீட்டாமல் பலகையையும் இருவரின் நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். அவருடைய நிலை சரியில்லாததால்தான் பெரும்பாலும் அவர் கேட்டிருப்பார். மறுப்பதற்கு வாய் திறக்க வேண்டியதுகூட இல்லை. நகர்த்தும் எண்ணத்துடன் ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகப் பொருள்.