மனைவி கூண்டேறும் நாளுக்கு ஒரு பென்சில்

என் முதல் கொலை வழக்கில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, நாங்கள்தான் வக்கீல். அவருடைய மனைவிதான் அரசு தரப்பு மூன்றாம் சாட்சி. “அன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுக்காரர் வந்து என்ன சொன்னார்?” என்று பி.பி., அதாவது அரசு வக்கீல், கேட்டார். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். சுதாரித்து ஆட்சேபிக்க எழுவதற்குள் பதில் டைப் ஆகிவிட்டது. மதியச் சாப்பாடு வரை சீனியர் என்னுடன் பேசவில்லை.

அதனால் என் ஜூனியர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். மனைவி கூண்டேறுவதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், அது நடக்காது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 126ஆம் பிரிவின்படி மனைவியும் தகுதியான சாட்சிதான். 128ஆம் பிரிவு காப்பது, கல்யாணத்துக்குப் பிறகு ஒருவர் மற்றவரிடம் சொன்னதை மட்டும். 2024 ஜூலைக்கு முன் இதுதான் பழைய சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு.

முந்தின நாளே அந்த அம்மாவின் போலீஸ் வாக்குமூலத்தோடும் ஒரு பென்சிலோடும் உட்காருங்கள். கணவர் சொன்னதற்கெல்லாம் அடிக்கோடு. அவர் செய்து மனைவி பார்த்ததற்குக் கோடு கிடையாது. 1954இல் ராம் பரோசே வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பிரித்தது. விடியாத இருட்டில் கணவர் கூரையிலிருந்து இறங்கினார், வைக்கோல் அறைக்குள் போய் வந்தார், குளித்தார், அதே வேட்டியைத் திரும்பக் கட்டினார். மனைவி பார்த்த இவ்வளவும் சாட்சியம். நகை எடுக்கப் போனதாக அவர் மனைவியிடம் சொன்னது மட்டும் ஏற்கப்படவில்லை.

இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் தொல்லை. “சட்டையெல்லாம் ரத்தமா வந்து, வெட்டிட்டேன்னு சொல்லி, அரிவாளைக் கொல்லையில போட்டார்.” நடுத்துண்டுக்கு மட்டும் கோடு போடுங்கள். பேராசைப்பட்டு முழுசையும் ஆட்சேபித்தால் எதுவும் மிஞ்சாது.

கேள்வி முடிந்து பதில் தொடங்குமுன் எழுந்துவிட வேண்டும். “128, எதிரி சம்மதிக்கவில்லை.” இது போதும், பிரசங்கம் வேண்டாம். மனைவியே ஆசைப்பட்டுச் சொல்ல வந்தாலும், சொன்னவர் சம்மதிக்காமல் கோர்ட் அதை அனுமதிக்க முடியாது. பிறகு விவாகரத்து ஆகியிருந்தாலும் பரவாயில்லை. சொன்ன அன்று கணவன் மனைவியா என்பதுதான் கணக்கு. காதலித்த காலத்தில் சொன்னதெல்லாம் இதில் சேராது.

அப்புறம், அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள் என்று சாட்சிப் பட்டியலில் பாருங்கள். 128 கட்டுவது கணவன், மனைவி வாயைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் கேட்டிருந்தால் அவர் தாராளமாகச் சொல்லலாம். 1964இல் நிக்கோபாரிலிருந்து கணவர் எழுதிய கடிதங்களை மனைவி தன் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா மருமகன் மேல் அவதூறு வழக்குப் போட்டார். மனைவி சாட்சி சொல்லாமல் வேறு வழியில் கடிதங்களை நிரூபிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனைவியையே அடித்த வழக்கா? பென்சிலை எடுக்கவே வேண்டாம். கணவன் மனைவிக்குள் ஒருவர் மற்றவர்மீது செய்த குற்றத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. அப்படி ஒரு வழக்கில் ஒரு பையன் வீராவேசமாக எழுந்து ஆட்சேபித்தான். பெஞ்ச் கிளார்க் இன்னும் அவனை “நூத்தி இருபத்தெட்டு” என்றுதான் கூப்பிடுகிறார்.