மீட்டெடுத்த பழைய காதல் நகைச்சுவைப் படத்தைத் தோட்டப்புற வீட்டில் முறையாகத் திரையிடுவது எப்படி

ஃபிராங்க் காப்ராவின் இயக்கத்தில் கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பர்ட்டும் நடித்து 1934இல் வெளிவந்த ‘இட் ஹேப்பன்டு ஒன் நைட்’, சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கார் விருதுகளையும் ஒருசேர வென்ற முதல் படமாகும். பழைய படச்சுருளை 4கே என்னும் மிக நுண்ணிய தெளிவில் படியெடுத்துச் சீர்செய்த அதன் மீட்டெடுப்பைக் கிரைட்டீரியன் நிறுவனம் 2014இல் புளூ-ரே வட்டாக வெளியிட்டது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில், பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும் நாளில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க இதைவிடப் பொருத்தமான பழைய ஆங்கிலப் படம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வட்டை வாங்கிப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. தொலைக்காட்சியைச் சரிசெய்யாவிட்டால் மீட்டெடுத்தவர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. கதையைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் பெரியவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

வாங்கும்போது, எந்த நாட்டுக் கருவியில் வட்டு ஓடும் என்பதைக் காட்டும் வட்டாரக் குறியைப் பாருங்கள். புளூ-ரே வட்டுகளுக்கு மலேசியாவும் அமெரிக்காவும் ஒரே ‘ஏ’ வட்டாரத்தில் இருப்பதால் அமெரிக்கப் புளூ-ரே நம் ஊர்க் கருவியில் ஓடும். ஆனால் டிவிடிக்கு அமெரிக்கா 1, மலேசியா 3 என்பதால் அதே படத்தின் அமெரிக்க டிவிடி பெரும்பாலும் ஓடாது. புளூ-ரே கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. தம்பியின் அறையில் வட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 4 அல்லது 5 இருந்தால் அதுவே போதும்.

அடுத்து, தொலைக்காட்சியின் அமைப்புகளைத் திருத்த வேண்டும். படத்தின் அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்குதான் என்பதால், இன்றைய அகன்ற திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வரும். அதைக் குறையென்று எண்ணித் திரை முழுவதும் நிரப்பினால் எல்லார் முகமும் ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்றுபோகும். பெரிதாக்கினாலோ மேலும் கீழுமாகப் படத்தின் கால் பங்கு வெட்டுப்படும். ஆகவே பட்டைகள் இருக்கட்டும். படத் தோற்றத்தைச் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையில் வைத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியையும், படத்திலுள்ள நுண்புள்ளிகளைத் துடைக்கும் ‘இரைச்சல் நீக்க’ (noise reduction) வசதியையும் அடியோடு நிறுத்தி, கூர்மையை மிகவும் குறைத்துவிடுங்கள். சுவரிலும் வானத்திலும் மெல்லிய மணல்போல் ஏதோ அசைவதைக் கண்டு வட்டு பழுதென்று நினைக்கக் கூடாது. அது படச்சுருளின் வெள்ளித் துகள்கள் விட்ட தடம், மீட்டெடுத்தவர்கள் வேண்டுமென்றே காத்து வைத்திருப்பது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, நாயகன் நாயகியைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவொளியில் ஆற்றைக் கடக்கும் காட்சிக்குச் செல்லுங்கள். தண்ணீரில் ஒளிப்பொட்டுகள் தனித்தனியே மின்ன வேண்டும். ஒன்றோடொன்று குழைந்து பால் கொட்டியதுபோல் தெரிந்தால், இரைச்சல் நீக்கம் இன்னும் எங்கோ இயங்குகிறது என்று பொருள்.

ஒலி ஒற்றைத் தடத்தில் அமைந்தது. சுற்றொலி வசதியை நிறுத்திவிட்டால் வசனம் தெளிவாகக் கேட்கும். தகரக் கூரை வீடாக இருந்தால், மாலை மழை பிடித்துக்கொண்டபின் எவ்வளவு சத்தம் வைத்தும் பயனில்லை. மழை ஓய்ந்த இரவு நேரமே ஏற்றது.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். இந்த வட்டில் தமிழ் வசனவரி கிடையாது. எனவே வீட்டில் ஒருவர் முன்னதாகவே படத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் மொழிபெயர்க்க முயன்றால் சொல்பவரும் களைத்துப்போவார், கேட்பவரும் படத்தைப் பார்க்க முடியாது. தொடங்குமுன் நான்கு வாக்கியங்களில் சொல்லிவிடுங்கள்: பணக்காரர் மகள், தந்தைக்குப் பிடிக்காத திருமணத்தைச் செய்துகொண்டாள், தந்தை அடைத்து வைத்த கப்பலிலிருந்து கடலில் குதித்துத் தப்பினாள், கணவனிடம் போய்ச்சேர மியாமியிலிருந்து நியூயார்க்குக்குப் பேருந்து ஏறினாள், அதே பேருந்தில் வேலையிழந்த பத்திரிகைச் செய்தியாளன் ஒருவன் வருகிறான். 1956இல் ஏவிஎம் தயாரித்து ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த ‘சோரி சோரி’ என்னும் இந்திப் படத்தைப் பார்த்திருக்கும் பாட்டிக்கு, அதன் மூலம் இதுதான் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சில காட்சிகளில் வாய் திறக்கவே வேண்டாம். ‘டோனட்’ என்னும் வட்டப் பணியாரத்தைக் காப்பியில் எப்படித் தோய்த்துத் தின்ன வேண்டும் என்று அவன் அவளுக்குப் பாடம் நடத்துவதைப் பார்த்து, பிஸ்கட்டைத் தோய்த்தே பசியாறி வளர்ந்தவர்கள் தாமாகச் சிரிப்பார்கள். ஆனால் மழையில் பாலம் உடைந்து இருவரும் ஒரே அறையில் தங்க நேரும் இரவைக் கட்டாயம் விளக்க வேண்டும். இரண்டு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு ‘எரிகோவின் மதில்’ என்று அவன் பெயரிடுகிறான். பைபிளில் யோசுவாவின் காலத்தில் எக்காளம் ஊதி மக்கள் ஆர்ப்பரித்தபோது இடிந்து விழுந்த மதில் அது. தன்னிடம் எக்காளம் இல்லையாதலால் அவள் அஞ்ச வேண்டாம் என்கிறான். மாதா கோயிலுக்குப் போகும் பெரியவர் யாரேனும் கூடத்தில் இருந்தால், அங்கே படத்தைச் சற்று நிறுத்தி அந்தக் கதையை அவரையே சொல்லவிடுங்கள். இதைக் கேட்காதவருக்குப் படத்தின் கடைசி நிமிடம் விளங்காது. கேட்டவருக்கு ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டியிராது. முடிவை மட்டும் முன்கூட்டி உடைத்துவிடாதீர்கள்.

படம் 105 நிமிடம் ஓடும். நடுவில் ஒருமுறை நிறுத்த வேண்டுமானால், பேருந்துப் பயணிகள் எல்லாரும் சேர்ந்து பாடும் காட்சி முடிந்ததும் நிறுத்துவது நல்லது. இந்த வட்டு வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரிமம் பெற்றது. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஊரைக் கூட்டிக் காட்ட விரும்பினால், முதலில் உரிமையாளரிடம் தனி அனுமதி பெறுவதோடு தணிக்கை வாரியத்தின் விதிகளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.