அபூர்வ நுரையீரல் நோய்க்கு டாக்டர் தேடுகிறீர்களா? மலையிறங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாருக்காவது "நுரையீரல்ல ஏதோ தழும்பு மாதிரி தெரியுது, பெரிய இடத்துல காட்டுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும், எப்படியோ சுற்றி வளைத்து என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சித்தப்பாவுக்கு வந்த நோய்க்காக ஃபைலும் கையுமாக கோவை, வேலூர் என்று அலைந்தவள், அவ்வளவுதான். அழைப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே: "அக்கா, இதுக்கு நல்ல டாக்டர் யாரு?" பெயர் சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் பெயரை வாங்கிக்கொண்டு போய், எங்கள் வீட்டில் என்னென்ன சொதப்பினோமோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்துவிட்டு, "அந்த டாக்டர் சரியில்லைக்கா" என்று திரும்பி வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பீடியை விடுங்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தொடப் போவதில்லை.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் போதும் என்று நினைப்பது

செஸ்ட் டாக்டர் என்று போர்டு போட்டிருக்கும் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நாள் முழுக்கப் பார்ப்பது ஆஸ்துமா, டிபி, நிமோனியா, புகை பிடித்துக் கெட்ட நுரையீரல். காற்றுப் பைகளுக்கு இடையில் இருக்கும் மெல்லிய சுவர் வீங்கித் தடித்துத் தழும்பாகும் நோய்களை மொத்தமாக ஐ.எல்.டி. என்பார்கள். அதற்குள்ளேயே இருநூறுக்கும் மேற்பட்ட வகை உண்டு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு ஆகாமலும் போகலாம். ஆக, நீங்கள் தேட வேண்டியது ஐ.எல்.டி.யைத் தொடர்ந்து பார்க்கும் இடத்தை. கட்டடத்தின் உயரத்தை அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? ரிசப்ஷனுக்குப் போன் போட்டு மூன்றே மூன்று கேள்வி. "ஐ.எல்.டி. கிளினிக் என்று தனியாக நாள் இருக்கிறதா?" "டி.எல்.சி.ஓ. டெஸ்ட் உங்களிடமே எடுப்பீர்களா?" "செஸ்ட் டாக்டர், ஸ்கேன் டாக்டர், மூட்டு வாத டாக்டர் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கேஸைப் பேசுவார்களா?" இரண்டாவது கேள்விதான் சல்லடை. டி.எல்.சி.ஓ. என்பது காற்றுப் பையிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு தாண்டிப் போகிறது என்று அளக்கும் சோதனை. சும்மா ஊதிப் பார்க்கும் டெஸ்ட் ஓரளவு சரியாக வந்தாலும் இது குறைந்திருக்கலாம். அந்த மெஷினே இல்லாத இடத்தில் இந்த நோயைத் தொடர்ந்து கவனிப்பது கஷ்டம். போன் எடுத்தவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை என்றாலும் உடனே வைத்துவிடாதீர்கள், நுரையீரல் லேபுக்கு லைன் கொடுக்கச் சொல்லுங்கள்.

தனியாரில்தான் இதெல்லாம் கிடைக்கும் என்றும் இல்லை. தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம் என்பதாலேயே "அது டிபி ஆஸ்பத்திரி" என்று ஒதுக்குகிறார்கள். இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு கோவையை விட கோழிக்கோடு பக்கம். போகலாம், தப்பில்லை, நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் படத்தை விட்டுவிட்டு ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சித்தப்பாவுக்கு முதல் ஸ்கேன் சமவெளியில் ஒரு சென்டரில் எடுத்தோம். பெரிய கவர், உள்ளே சில ஃபிலிம், இரண்டு பக்க ரிப்போர்ட். அதில் கிரவுண்ட் கிளாஸ் என்று ஏதோ இருந்தது, தொற்றாக இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம், மற்ற சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்று முடித்திருந்தார்கள். படம் பதிந்த டிஸ்க் தகடு கொடுங்கள் என்று கேட்டதற்கு கவுன்டரில் இருந்தவர், "ரிப்போர்ட் இருக்கே, அதுவே போதும்மா" என்றார். ரிப்போர்ட்டும் வந்தது, ஃபிலிமும் வந்தது, படம் மட்டும் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. பல மாதம் கழித்து, கடைசியில் சரியான டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அவர் ரிப்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய படம் எங்கே?" சென்டருக்குப் போன் போட்டால், அவ்வளவு நாள் வைத்திருக்க மாட்டோம், சிஸ்டத்திலிருந்து அழிந்துவிட்டது என்கிறார்கள்.

சரி, இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பணம் போனால் போகட்டும். ஆனால் போன வருட நுரையீரலை இந்த வருடம் படம் எடுக்க முடியுமா? இந்த நோயில் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே தழும்பு அப்படியே நிற்கிறதா, கூடிக்கொண்டு போகிறதா என்பதுதான். தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் போன்ற விலை கூடிய மருந்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்ற முடிவு, பெரும்பாலும் மூச்சுத் திறன் எண்களையும் பழைய படம் புதிய படம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. எங்களிடம் ஒப்பிட ஒன்றும் இல்லை. மறுபடி சில மாதம் காத்திருந்து, அடுத்த ஸ்கேன் எடுத்து, அதற்கப்புறம்தான் பேச்சே. அந்தச் சில மாதத்தில் நுரையீரல் இழந்தது திரும்ப வருவதில்லை.

ஃபிலிம் இருக்கிறதே என்பீர்கள். ஒரு மெல்லிய வெட்டு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சாகி வருவது அதில் பொறுக்கி எடுத்த கொஞ்சம், அதுவும் தபால் தலை அளவில். அந்த ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதில் ஜன்னல் கம்பிதான் தெளிவாகத் தெரிகிறது. ரிப்போர்ட் எழுதுகிறவர் காலையிலிருந்து மூளை, வயிறு, முழங்கால் எல்லாம் பார்த்துவிட்டு இதையும் பார்ப்பவர். அவர் மேல் குறை இல்லை. இந்த நோயையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதே படத்தில் வேறு ஒன்று தெரியும். அதற்குத்தானே நீங்கள் மலையிறங்குகிறீர்கள்?

ஆகவே ஸ்கேன் எடுத்த அன்றே, பில் கட்டிய கையோடு, படம் முழுவதையும் தகட்டிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். டைகாம் வடிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். வீட்டுக்கு வந்து ஏதாவது கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள், காலித் தகடு கொடுத்த கதைகளும் உண்டு. முழு ஃபோல்டரையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இப்போதெல்லாம் டாக்டர்களின் லேப்டாப்பில் தகடு போடும் இடமே இருப்பதில்லை, அதனால் பென் டிரைவ் கட்டாயம்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் இன்னொன்று. உங்களுக்குத் தேவை எச்.ஆர்.சி.டி., அதாவது நான் சொன்ன அந்த மெல்லிய வெட்டு ஸ்கேன். வேறு சந்தேகம் இருந்தால் ஒழிய இதற்கு மருந்து ஊசி போட்டு எடுக்கத் தேவையில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து எடுப்பது போலவே முழுக்க வெளியே விட்டும் எடுக்க வேண்டுமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். சில வகை நோயில் காற்று உள்ளே சிக்கிக்கொண்டு நிற்பது, வெளியே விட்ட படத்தில்தான் பிடிபடும். அது இல்லாமல் போனால் மறுபடியும் அதே மெஷின், அதே பில்.

சளியில் ஒன்றும் இல்லாமலே டிபி மருந்தில் மாதங்களை ஓட்டுவது

நம் ஊரில் டிபி அதிகம், அதனால் படத்தில் நிழல் தெரிந்தால் முதலில் அதை நினைப்பது நியாயம். ஆனால் சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் சோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதிலும் ஒன்றும் வராமல், வேறு ஆதாரமும் இல்லாமல், மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் இருமலும் மூச்சிரைப்பும் அப்படியே இருந்தால், "இது டிபிதான் என்பதற்கு எது ஆதாரம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சார்காய்டோசிஸ் என்று ஒன்று இருக்கிறது, படத்திலும் சதைப் பரிசோதனையிலும் டிபி போலவே வேஷம் போடும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையிலேயே டிபியாக இருந்து பாதியில் விட்டால் அது வேறு ஆபத்து.

என்ன வேலை என்று கேட்டால் "கூலி வேலைங்க" என்று முடித்துக்கொள்வது

சித்தப்பா வேலை பார்த்தது காளான் பண்ணையில். மொட்டுக் காளானுக்கு வைக்கோலையும் கோழி எருவையும் கலந்து கம்போஸ்ட் போடுவார்கள், உள்ளே கொதிக்கும், புரட்டும்போது ஆவியோடு தூள் கிளம்பும். அந்தத் தூளில் இருக்கும் நுண்ணுயிர்களையும் காளான் வித்துகளையும் வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலருடைய நுரையீரல் அதை எதிரியாக எடுத்துக்கொண்டு வீங்கும். ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைடிஸ் என்று பெயர். டாக்டர்கள் புறா இருக்கிறதா, ஏர் கூலர் இருக்கிறதா என்று கேட்டார்கள், அதற்குக் காரணம் உண்டு. 2017-ல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வில் 19 நகரங்களிலிருந்து சேர்ந்த 1,084 ஐ.எல்.டி. நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த வகைதான். அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். கோத்தகிரியில் எவன் கூலர் வைக்கிறான்? "இல்லைங்க" என்று சித்தப்பா சொல்ல, கேள்வி அத்தோடு முடிந்தது. காளானைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. சொல்லாதவரை அதே ஷெட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், மருந்து எப்படிக் கேட்கும்?

அதனால் ஒரு தாளில் எழுதுங்கள். இருபது வருடமாக என்னென்ன வேலை, எங்கே. கோழி, புறா, கிளி வளர்ப்பு. மழைக்காலத்தில் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூக்கிறதா. விறகடுப்பா. கூடவே, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள் எல்லாம். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கு மாதக்கணக்கில் எடுக்கும் நைட்ரோஃபுரன்டாயின், மூட்டுக்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இவையெல்லாம் சிலருக்கு நுரையீரலைக் கெடுப்பதுண்டு.

விரல் வெளுப்பதைக் குளிர் கணக்கில் எழுதுவது

இது நம் மலைக்காரர்களுக்கே உரிய தவறு. ஜனவரியில் தண்ணீரைத் தொட்டதும் விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, அப்புறம் நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தால், "ஊட்டிக் குளிர் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். சில பேருக்கு அது வெறும் குளிர்தான். ஆனால் மூச்சிரைப்போடு சேர்ந்து இதுவும், காலையில் மூட்டு இறுக்கமும், கண்ணும் வாயும் வறள்வதும், தோல் தடிப்பதும் இருந்தால் நுரையீரல் நோயின் வேர் வேறு இடத்தில் இருக்கலாம். அப்போது மூட்டு வாத டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கோவை வெயிலில் உங்கள் விரல் சாதாரணமாகத்தான் இருக்கும், அதனால் வெளுக்கும்போது போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் எடுத்த ஆக்சிஜன் அளவை நம்பி மலையேறுவது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஆக ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல ஆளுக்கே ஆக்சிமீட்டரில் சில புள்ளி இறங்கும். கோவையில் 95 காட்டிய நோயாளி வீட்டுக்கு வந்து பத்துப் படி ஏறினால் எண்பதுகளில் நிற்கலாம். டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை, நீங்கள் சொன்னால் ஒழிய. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மேட்டில் நடந்தபின், தூக்கத்துக்கு முன் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போங்கள், மேலே "ஊட்டி, 2,240 மீட்டர்" என்று பெரிதாக. வீட்டுக்கு ஆக்சிஜன் வேண்டுமா என்ற முடிவே இதனால் மாறும்.

இரண்டாவது டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவது

கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டரே அனுப்பி வைப்பார்.

ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்குவது, நீங்களாக நிறுத்துவது

இரண்டும் வேண்டாம். சதைப் பரிசோதனைக்கு முன்னால் தொடங்கினால் நோயின் தடயம் மங்கிப் போகலாம். பல வாரம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு தாங்காது.

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை பற்றிக் கடைசியில் கேட்பது

முதல் வருடத்திலேயே கேளுங்கள். படுக்கையில் விழுந்தபின் பதிவு செய்யப் போனால் உடம்பு இடம் கொடுக்காது.

ஒரே நாளில் இறங்கி, எல்லாம் முடித்து, ஏறிவிடத் திட்டம் போடுவது

ஆறு நிமிட நடை டெஸ்ட், ஊதும் டெஸ்ட், டி.எல்.சி.ஓ., ரத்தம், அப்புறம் டாக்டர் அறை வாசலில் காத்திருப்பு. இதெல்லாம் முடிந்து இரவில் பர்லியாறு வளைவுகளில் வாந்தியோடு ஏறினால் நோயாளி அடுத்த தடவை வரமாட்டேன் என்று அடம் பிடிப்பார், சித்தப்பா பிடித்தார். அக்டோபர், நவம்பர் மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அப்பாயின்ட்மென்டும் போகும். முதல் நாள் மதியமே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர் என்றால் போகும் வழிக்கும் தங்கும் இரவுக்கும் போதுமான சிலிண்டர் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே பாருங்கள். வீட்டில் வைக்கும் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) கரண்டில் ஓடுவது, பஸ்ஸில் ஓடாது.