குரோஷியாவின் டால்மேஷியக் கரையில் ஒரு வாரம்: பாய்மரப் பயணத்தைத் திட்டமிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஸ்ப்ளிட் துறைமுக நகரில் வாடகைக்குப் படகை எடுப்பது, ஹ்வார், கோர்ச்சுலா, ம்லியெட் தீவுகளைத் தொட்டு டுப்ரோவ்னிக் போவது, ஏழாம் நாள் திரும்பிவிடுவது. குரோஷியா வரைபடத்தை விரித்து உட்காரும் பலரும் முதலில் போடும் திட்டம் இதுதான். நானும் இதைத்தான் போட்டேன். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் முளைக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகைப் படகு பெரும்பாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் கைக்கு வரும். அடுத்த வெள்ளி மாலையே அதைத் துறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆக, ஓடக் கிடைப்பது ஆறு நாள். டுப்ரோவ்னிக் போய்வர 200 கடல் மைலை ஒட்டி வரும். 12 மீட்டர் நீளப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போனால் நல்ல ஓட்டம். அப்படியானால் தினமும் ஆறரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்க்காற்று வந்தால் பாய்மரப் படகு நேராகப் போகாது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏறும், தூரம் கூடிவிடும். கடைசியில் பாயைச் சுருட்டிவிட்டு நாள் முழுக்க டீசல் இன்ஜின் சத்தத்தில் போவீர்கள். நல்ல விரிகுடா ஒன்று கண்ணில் பட்டாலும் இறங்கிக் குளிக்க நேரம் இருக்காது.

அதற்குப் பதில் இப்படிப் போங்கள்: ஸ்ப்ளிட், ப்ராச் தீவின் மில்னா, ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட், விஸ், பக்லெனி தீவுகள், ஷோல்டா, மறுபடி ஸ்ப்ளிட். இந்தச் சுற்று நூறு கடல் மைலுக்குள் முடியும். கோர்ச்சுலாவை இன்னொரு வருஷத்துக்கு வையுங்கள். விஸ் தீவை மட்டும் விடாதீர்கள். யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு மூடியே இருந்த தீவு அது. அதனால்தான் பெரிய ஓட்டல்கள் அதை இன்னும் விழுங்கவில்லை.

அடுத்த தவறு, காற்றைக் கேட்காமல் நாள்வாரியாகத் துறைகளைக் குறித்துவைப்பது. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிவதுபோல இந்தக் கரைக்காரர்களும் அறிவார்கள். கோடையில் நமக்குத் தோழன் மாயஸ்ட்ரால்: வடமேற்கிலிருந்து காலை பத்து, பதினொன்றுக்கு எழுந்து, பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கும். யூகோ தென்கிழக்குக் காற்று. மேகமும் மழையுமாக ஓரிரு நாளில் மெல்லக் கட்டி எழுந்து பெரிய அலைகளைத் தள்ளிவரும். ஆனால் வருவதை முன்கூட்டியே காட்டிவிடும். பயப்பட வேண்டியது பூரா என்ற காற்றுக்கு. வடகிழக்கு மலைகளிலிருந்து குளிர்ந்த காற்று சரிந்து இறங்கும். வானம் பளிச்சென்று தெளிந்திருக்கும்போதே திடீரென்று அடிக்கும். மலை முகட்டில் தொப்பிபோல் மேகம் படிந்தால் கரை சேரப் பாருங்கள்.

காற்றின் திசைதான் அன்றைய துறையை முடிவு செய்ய வேண்டும். யூகோ அடிக்கும் நாளில் தெற்கு நோக்கிய ஹ்வார் நகரத் துறையில் படகு இரவெல்லாம் ஆடும். அதே தீவின் வடபுறத்தில் ஆழமாக உள்வாங்கிய ஸ்டாரி கிராடில் நிம்மதியாகத் தூங்கலாம். அதனால் ஒவ்வொரு இரவுக்கும் இரண்டு இடம் யோசித்து வையுங்கள். ஒரு நாளை வெறுமையாகவே விடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு சிக்கல், இடம். மாலை ஐந்து மணிக்கு ஹ்வார் போய்ச் சேர்ந்து, கட்ட இடமில்லாமல் இருட்டில் விரிகுடா தேடிய அனுபவம் எனக்கு உண்டு. உடன் வந்த குழந்தைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பிற்பகல் இரண்டு, மூன்றுக்குள் சேர்ந்துவிடுங்கள். நங்கூரம் போடுவதானால் வெளிர்நிறத்தில் தெரியும் மணல் தரையைத் தேடுங்கள். கரும்பச்சையாகத் தெரிவது பொசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது. அதைவிட, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே பரவும் அந்தப் புல்வெளியைப் பிய்த்துவிட்டால் மீண்டுவர எத்தனையோ ஆண்டு ஆகும். ஆழத்தைப்போல் நாலைந்து மடங்கு சங்கிலி விடுங்கள். சில விரிகுடாக்களில் கோனோபா எனும் சிற்றுணவகங்கள் படகைக் கட்டிவைக்கச் சொந்த மிதவைகள் வைத்திருக்கின்றன. இரவு அங்கே சாப்பிட்டால் கட்டணமில்லாமல் கட்டவிடுவார்கள். முன்கூட்டிப் போன் செய்யுங்கள்.

ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்டித் தருபவர், இல்லாமல் எடுப்பதானால், படகில் ஒருவருக்காவது குரோஷியா ஏற்கும் படகோட்டும் உரிமமும் கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றும் இருக்க வேண்டும். உரிமம் இருந்தும் நடுநிலக்கடல் பாணியில் பின்புறத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டிப் பழகாதவர்கள், முதல் தடவை ஸ்கிப்பர் வைப்பதே நல்லது. நாளுக்கு 200 யூரோ அளவில் ஆகும். அவர் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. அவர் படுக்க இடம் வேண்டும் என்பதை மறந்து எட்டுப் படுக்கைக்கு எட்டுப் பேரைச் சேர்க்காதீர்கள்.

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்கள், அப்படியே மாண்டிநீக்ரோவின் கோட்டோர் வரை போகலாம் என்று நினைத்தால், அது ஷெங்கனுக்கு வெளியே. திரும்பிவர பலமுறை நுழையும் விசா வேண்டும்.

பெட்டி வேண்டாம், மடக்கி வைக்கக்கூடிய துணிப்பை போதும். தண்ணீர்த் தொட்டி நானூறு லிட்டர் இருந்தாலும் எட்டுப் பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டு நாளில் காலி.

வெள்ளிக்கிழமைக்குப் பெரிய திட்டம் எதுவும் வைக்காதீர்கள். டீசல் நிரப்பித்தான் படகை ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை ஸ்ப்ளிட், ட்ரோகிர் பக்கம் உள்ள எல்லாப் படகும் அதே பம்புக்குத்தான் வரும். மதியத்துக்குள் போனால் வரிசையில் காத்திருக்காமல் நிரப்பிவிட்டு, கடைசியாக ஒரு தடவை கடலில் குதிக்கவும் நேரம் இருக்கும்.